உடனே குடியேறலாம்

காசு குடுக்காதீங்க தம்பி. ஒத்தப் பைசா குடுக்காதீங்க.

கோவிச்சுக்காதீங்க, காங்கயத்துல ஏறுனதுல இருந்து நீங்க போன்ல பேசுனது அத்தனையும் காதுல விழுந்துட்டுத்தான் இருந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு காதப் பொத்திக்கவா முடியும்? உங்க மெஸ்ஸுக்கு ஒரு வெப்சைட்டு வேணும், பண்ணித் தாறேன்னு ஒருத்தன் வாயில வந்த தொகையைக் கேக்கறான், அதானுங்களே? அவன் நம்பர அழிச்சுப்போடுங்க. இதெல்லாம் நம்மளே பண்ணிக்கலாம். இலவசமாப் பண்ணிக்கலாம். நான் ரெண்டு பண்ணியிருக்கேன். என்ற போன்லயே பண்ணுனேன், யாரையும் ஒரு வார்த்தை கேக்காம.

சிரிக்காதீங்க. ஆளப் பாத்து எடை போடக் கூடாது. பேரு நாச்சிமுத்து, ஊரு வெள்ளகோயிலு. பஸ் டெப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஆயுசுல பாதி, வண்டி வர்ற டயம் போற டயம் எழுதியே போச்சு. இப்பக்கூடப் பாருங்க, இந்த வண்டி இந்நேரம் பொங்கலூரத் தாண்டியிருக்கோணும். எங்க இருக்குது? ஊர்ந்துட்டு இருக்குது.

பதினொரு மணிக்கு நான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கோணும் தம்பி. என்ற மக மோகனப்பிரியா அங்க வந்து நிப்பா. அவ மூஞ்சியப் பாத்து ஏழெட்டு மாசமாச்சு. குரலக் கேட்டும் அத்தனை மாசமாச்சு. ஒரே புள்ள. ‘இந்தத் தடவை பேசிப் பாக்கறேன், சரிப்படலீன்னா இனி அப்பா மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்’னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கா. அவளக் காக்க வெக்கக் கூடாதுங்க. அத்தனை பெரிய பஸ் ஸ்டாண்டுல ஒரு புள்ள தனியா எத்தனை நேரம் நிப்பா?

அதனாலதான் உங்ககிட்டப் பேச்சுக் குடுக்கறேன். சும்மா உக்காந்தா வாட்சையே பாத்துட்டு இருக்கேன். அப்படியே உங்களுக்கும் ஒரு உபகாரம் பண்ணுன மாதிரி ஆச்சு. கேட்டுக்குங்க.

இலவசமா வெப்சைட்டு பண்ணிக்க உடற கம்பெனி நாலஞ்சு இருக்குது. ஈமெயில் இருந்தாப் போதும், உள்ள உட்டுருவான். உள்ள போனீங்கன்னா மாடல் காட்டுவான். துணிக்கடையில பொம்மைக்கு உடுத்தி வெச்சிருப்பாங்கல்லங்க, அந்த மாதிரி எல்லாம் ரெடியா இருக்கும். அவன் போட்டோவ எடுத்துட்டு நம்ம போட்டோவ வெக்கோணும். அவன் எழுத்த அடிச்சுட்டு நம்ம எழுத்த எழுதோணும். விரல்ல புடிச்சு இழுத்தா இழுத்த பக்கம் வரும். கம்ப்யூட்டர் படிச்சவன் எழுதற அந்தக் கண்றாவியெல்லாம் நமக்கு வேண்டியதே இல்லை. மாடல் எடுக்கறதுலதான் சூட்சுமமே. அவசரப்படாம, மனசுக்குப் புடிச்சதா எடுக்கோணும். நான் மஞ்சளும் செவப்புமா ஒண்ணு எடுத்தேன்.

ஏன் மஞ்சள்னு கேளுங்க. பொண்ணு ஜாதகம் குடுக்கறப்ப ஜெராக்ஸ் காகிதத்துல நாலு மூலையிலயும் மஞ்சத் தடவித்தானுங்களே குடுப்போம்? வெறுங்காகிதத்தையா நீட்டுவோம்? அந்த மாடலும் அப்படியே இருந்துச்சு. நாலு மூலையும் மஞ்சளு, நடுவுல செவப்புப் பட்டை. பாத்ததும் மங்களகரமா இருக்குதேன்னு எடுத்துட்டேன். அது வீடு வாடகைக்கு உடறவங்களுக்குன்னு பண்ணுன மாடல். அது பொறவுதான் தெரிஞ்சுது.

ஆமாங்க, மக கல்யாணத்துக்குத்தான் வெப்சைட்டு. வேற எதுக்கு? இருபத்தெட்டு முடியப் போகுது. கோயமுத்தூர்ல பெரிய கம்பெனியில வேலை, லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருந்தா. தரகனுங்க ஜாதகத்த வாங்கிட்டுப் போயி மடிச்சு சட்டை ஜோப்புல வெச்சுக்கறான், அதோட சரி. சொந்தம், ஒறம்பரைக்காரங்க விசேசத்துக்கு விசேசம் ‘இன்னும் அமையலீங்களா’ன்னு கேட்டுட்டு சாப்புடப் போயிடறாங்க. போர்டுல எழுதிப் போடாத வண்டிக்கு எவன் வந்து நிப்பான்? ஊருக்கே தெரியற மாதிரி எழுதிப் போட்டா ஆளு தானா வரும். டெப்போவுல நான் படிச்ச பாடம் அது ஒண்ணுதான்.

அவகிட்டக் கேட்டனான்னா? பஸ்ஸு கெளம்பற டயத்த பஸ்ஸக் கேட்டுட்டா தம்பி போர்டுல எழுதறோம்? ‘இப்ப வேண்டாம்ப்பா’ன்னுதான் சொல்லீட்டு இருந்தா. எந்தப் புள்ளதான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லும்?

நல்ல போட்டோவா வெச்சேன். அவ சித்தி மக கல்யாணத்துல மயில்கழுத்துக் கலர்ப் பட்டுச் சேலை கட்டியிருந்தா, அது. ஒசரம், படிப்பு, சம்பளம், ராசி, நட்சத்திரம், எதையும் மறைக்கலை. அந்த மாடல்ல போட்டோ மூலையில பச்சையா ஒரு பட்டை இருந்துச்சு, ‘உடனே குடியேறலாம்’னு. அத எடுக்கத் தெரியலை. என்ன அழுத்தியும் போகலை. சரி, நல்ல வார்த்தைதானே, போற வீட்டுல நல்லபடியாக் குடியேறட்டும்னு உட்டுட்டேன்.

அப்புறம் கட்டம் கட்டமா வரும். இத நல்லாக் கேட்டுக்குங்க, உங்களுக்கு உதவும். சில கட்டத்துக்குப் பக்கத்துல செவப்புல ஒரு புள்ளி வெச்சிருப்பான். அத நிரப்பாம அடுத்ததுக்கு உடவே மாட்டான். எனக்கு ரெண்டு கட்டம் அந்த மாதிரி வந்துச்சு. ஒண்ணு, பாக்க வர்ற நேரம். அவ ஆபீஸ் முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வர்றதுக்கு ஆறரை ஆகும். ‘மாலை ஆறரைக்கு மேல்’னு போட்டேன். இன்னொண்ணு விலாசம். மேப்புல ஒரு குண்டூசி வரும், அத எடுத்து இடத்துல குத்தோணும். ஹாஸ்டல் கேட்டு மேலயே குத்தி வெச்சேன்.

ஏன், வெள்ளகோயில் விலாசத்தப் போட்டிருக்கலாமேன்னா? பொண்ணு இருக்கற இடத்தத்தானே கேக்கறான்? எங்கூட்டு விலாசம் போட்டா அது பொய்யில்லீங்களா? என்ற சர்வீசுல தப்பான டயம், தப்பான ரூட்டு எழுதுனதே கிடையாது. அதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

அட, நிறுத்தறானே. இங்க எதுக்கு நிறுத்தறான்? ஏறுறதுக்கு ஒரு ஆளு இல்லை. கண்டக்டர் தம்பி, போலாம் போலாம்!

கீழ அஞ்சு நட்சத்திரம் இருந்துச்சுங்க. பாக்கறவங்க மார்க் போடறதுக்கு. கமெண்டும் எழுதலாம். எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது. அத்தனை சொந்தத்துக்கும் அனுப்பிவெச்சு, ‘பாப்பாவுக்கு அஞ்சு போடுங்க’ன்னேன். எல்லாரும் போட்டாங்க. எங்க பெரிய மச்சான் மட்டும் மூணு போட்டான். தாய்மாமன் போடற ஸ்டாருங்களா இது? போன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிச்சுப்போட்டேன். ‘அமுத்துனேன், அவ்வளவுதான் வந்துச்சு மாப்ளே’ன்னு இழுக்கறான். அன்னைல இருந்து பேச்சு இல்லை. எங்கூட்டுக்காரி மயிலாத்தா, அவன் தங்கச்சி, அவளும் அதுக்கு என்னைத்தான் திட்டுனா.

நடுவுல எவனெவனோ போன் பண்ணுவான். ‘அட்வான்ஸ் எவ்வளவுங்க, தண்ணி வருமா, பேச்சிலருக்குத் தருவீங்களா’ன்னு. பேச்சிலருக்குத்தான்டா தருவேன்னு கத்தீட்டு வெச்சுருவேன். ஆனா ஒருத்தன் மட்டும் நல்லாப் பேசுனான். போன்ல இல்லை, கமெண்டுல. பேரு எழுதற எடத்துல ‘உங்க மருமகன்’னு போட்டிருந்தான். தமாசான ஆளு. தெனமும் வந்து அஞ்சு ஸ்டார் போடுவான். ‘மாமா, போட்டோ இன்னும் ரெண்டு போடுங்க’ன்னு எழுதுனான், போட்டேன். ‘எந்த பஸ்ஸுல ஆபீஸ் போறாங்க மாமா’ன்னு கேட்டான். பஸ் விசயம் கேட்டா நமக்குச் சொல்லாம இருக்க முடியுமா? நம்பரோட சொன்னேன். இந்தக் காலத்துல எந்தப் பையன் மாமான்னு வாய் நிறையக் கூப்புடறான் சொல்லுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, கேளுங்க. ஒரு நாள் சாப்புட உக்காந்திருக்கேன், மோகனா போன் பண்ணுனா. வழக்கமா ‘சாப்டீங்களாப்பா’ன்னுதான் ஆரம்பிப்பா. அன்னைக்கு எடுத்ததும், “அப்பா, அத எடுங்க. இப்பவே எடுங்க”ன்னா.

“எத சாமி?”

“எனக்குப் பின்னால உக்காந்து வேலை செய்யறவன் ‘உடனே குடியேறலாமா’ன்னு கேக்கறான்ப்பா. ஆபீஸ் பூராச் சிரிக்குது. என்னைய வீடுன்னு நெனச்சீங்களா?”

“அந்தப் பையன் எந்த ஊருன்னு கேட்டயா?”ன்னேன் நான். நான் கேட்டதுல என்னங்க தப்பு? அவ, “எடுத்துருங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன்”னு சொல்லிட்டு வெச்சுட்டா.

எடுத்திருக்கலாம். எடுக்கோணும்னுதான் உள்ள போனேன். போனா, எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு மேல எழுதியிருக்குது, ஏறிட்டே போகுது. நல்லா ஓடிட்டு இருக்கற வண்டியப் பாதி வழியில நிறுத்தி ஆளுங்கள எறக்கி உடச் சொன்னா மனசு வருமுங்களா? இன்னும் ஒரு வாரம் பாக்கலாம், அதுக்குள்ள நல்ல எடம் அமைஞ்சா அவளே அப்பான்னு வந்து கட்டிக்குவான்னு நெனச்சேன்.

அந்த வாரத்துலதான் அது நடந்துச்சு.

எனக்குச் சொல்லலீங்க. அவங்கம்மாகிட்ட அழுதிருக்கா. ஹாஸ்டல் கேட்டுல ஒருத்தன் வந்து நின்னிருக்கான். கையில தாம்பாளத் தட்டு. பூவு, பழம், வெத்தலபாக்கு, எல்லாம் அடுக்கி, மேல மஞ்சக் கண்ணாடித்தாள் சுத்தி. ‘பொண்ணு பாக்க வந்திருக்கேன், மாமா வரச் சொன்னாரு’ன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லியிருக்கான். தொரத்தி உட்டிருக்காங்க. அடுத்த நாளும் அதே ஆறரைக்கு, அதே தட்டோட. அப்புறம் அவ போற பஸ்ஸுல ஏறியிருக்கான். பின் சீட்டுல உக்காந்துட்டு, மடியில தட்ட வெச்சுட்டு, பேசாம அவளையே பாத்துட்டு வந்திருக்கான். இந்தப் புள்ள ரூமுக்குள்ள தாப்பாளப் போட்டுட்டு, வெளக்கக்கூடப் போடாம உக்காந்திருந்தாளாம். யாருகிட்டப் போயிச் சொன்னாலும், ‘உங்கப்பாதானேம்மா விலாசம் போட்டிருக்காரு’ன்னு கேட்டாங்களாம். கடைசியில ஹாஸ்டல்காரங்களும் ‘உன்னால எங்களுக்குத் தொந்தரவு, வேற எடம் பாத்துக்கம்மா’ன்னுட்டாங்க.

நான் என்ன சொல்றேன்னா, நிதானமா யோசிச்சுப் பாருங்க தம்பி. வெறுங்கையோட வரலை, தட்டோட வந்திருக்கான். எழுதிப் போட்ட டயத்துக்குக் கரெக்டா வந்திருக்கான். ஒத்தையில வந்தது தப்புத்தான், நாலு பெரியவங்களக் கூட்டிட்டு வந்திருக்கோணும். அப்பன் ஆத்தா இல்லாத பையனா இருக்கும், பாவம். மொறை தெரியலை. இத மயிலாத்தாகிட்டச் சொன்னேன். கையில இருந்த கரண்டியத் தூக்கி எறிஞ்சா. கல்யாணம் ஆன நாளா அவ என்னைய எதுத்து ஒரு பொருள எறிஞ்சதில்லை.

அதுக்கப்புறம் மோகனா நம்பர மாத்திட்டா. எங்க தங்கியிருக்கான்னு அவங்கம்மாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்ல மாட்டா. ரெண்டு பேரும் பேசுவாங்க. நான் வந்தா மயிலாத்தா எந்திரிச்சு பின்பக்கம் போயிருவா. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு என்ற புள்ள குரல் கேக்குதான்னு காதக் குடுத்துட்டு நிப்பேன். ‘ஆமா’, ‘சரி’, ‘சாப்டயா’, அவங்கம்மா குரல் மட்டுந்தான் கேக்கும். வெக்கத்த உட்டுச் சொல்றேன், அப்படி நின்னுட்டு அழுதிருக்கேன்.

பல்லடம் வந்துருச்சு. சீக்கிரம் எறங்குங்கம்மா, சீக்கிரம்.

போன வாரம் மயிலாத்தா வந்து எம்முன்னால நின்னா. ‘புள்ள பாக்க ஒத்துக்கிட்டா’ன்னா. மூணு விசயம் சொன்னாளாம். அந்த வெப்சைட்ட அழிச்சிருக்கோணும். அப்பா தனியா வரோணும். எங்க, எப்பப் பாக்கறோம்னு ஒரு சொந்தக்காரங்ககிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு, தண்ணித் தொட்டிகிட்ட, பதினொரு மணி. ஏன் பஸ் ஸ்டாண்டுன்னா, எங்க இருந்து வாறா, எங்க போறான்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதாம். பெத்த அப்பன்.

மூணையும் செஞ்சேன். அன்னைக்கே பழச அழிச்சேன். அத்தனை ஸ்டாரும் போச்சு. தனியாத்தான் வாறேன், பாக்கறீங்கல்ல? சொந்தக்காரங்க ஒருத்தருகிட்டயும் நான் வாயத் தொறக்கலை.

ஆனா மன்னிப்புக் கேக்கோணுமே. அதுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. டெப்போவுல ஒருக்கா ஒரு டிரைவர, தப்பு அவன் மேல இல்லைன்னு தெரியாம, எல்லாரும் இருக்கறப்பத் திட்டிப்போட்டேன். சாயந்திரம் ரூமுக்குள்ள கூப்புட்டு, மனசுல வெச்சுக்காதப்பான்னேன். ‘திட்டறது ஊரறிய, மன்னிப்பு மட்டும் மூலையிலயா சார்?’னு கேட்டுட்டுப் போயிட்டான். அது எனக்கு முள்ளாட்டம் தச்சுப் போச்சு. மோகனாவுக்கு நடந்தது ஊரறிய நடந்துச்சு. அப்ப மன்னிப்பும் ஊரறியத்தானே கேக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

அதான் ரெண்டாவது வெப்சைட்டு. மன்னிப்பு வெப்சைட்டு.

இருங்க, காட்டறேன். கண்ணாடி எங்க வெச்சேன்? இந்தாங்க, பாருங்க. இந்தத் தடவை மஞ்சள் கிஞ்சள் எதுவும் இல்லை. வெள்ளையில தாமரைப் பூ. எவ்வளவு அமைதியா இருக்குது பாத்தீங்களா? ‘என் மகள் மோகனப்பிரியாவிடம் ஒரு தகப்பனின் மன்னிப்பு.’ அதே பட்டுச் சேலைப் போட்டோ. நடந்தது அத்தனையும் எழுதியிருக்கேன், தட்டோட ஒருத்தன் வந்தது, ஹாஸ்டல்ல இருந்து போகச் சொன்னது, எல்லாம். லிங்க்குகூடப் பழைய வெப்சைட்டு லிங்க்கேதான். அதுல பாத்து ஸ்டார் போட்டவங்க இதையும் பாக்கோணுமில்லீங்களா? நேத்து சாயந்திரம் போட்டுட்டேன். இன்னிக்கு அவ வந்ததும் அவ கையில குடுத்து, பாரு சாமி, அப்பன் ஊருக்கே சொல்லிப்போட்டேன்னு சொல்லோணும். அவ அழுதுருவா. நானும் அழுதுருவேன்னு நெனைக்கறேன்.

கீழ தள்ளுங்க. ஆமா, அதுதான். ‘இடம்: சிங்காநல்லூர் பேருந்து நிலையம், தண்ணீர்த் தொட்டி அருகில். நேரம்: ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி.’ இது விசேசத்துக்கு அழைக்கற மாடலுங்க, எடமும் நேரமும் போட்டாத்தான் உள்ள உடும். செவப்புப் புள்ளி வெச்ச கட்டம். வேற என்ன எழுதறது? பொய்யா எழுதுனா மன்னிப்புக் கேக்கறதுக்கே அர்த்தம் இல்லையே. வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. நான் வாயத் தொறக்கலை.

ஏனுங்க, என்னாச்சு? மூஞ்சி இப்படி ஆகுது? வாந்தி வருதுங்களா? ஜன்னலத் தொறந்துக்குங்க.

எது? அந்தக் கமெண்டா? ஆமா, அவனேதான், ‘உங்க மருமகன்’. இன்னிக்குக் காலையில போட்டிருக்கான். ‘கண்டிப்பா வந்துடறேன் மாமா.’ பாத்தீங்களா? இத்தனை சொந்தம் இருந்து ஒருத்தன் எட்டிப் பாத்து ஒரு வார்த்தை எழுதலை. இவனுக்கு அந்த மனசு இருக்குது பாருங்க.

என்ன சொல்றீங்க, தட்டோட வந்தவனும் இவனும் ஒண்ணா? ச்சேச்சே. அவன் யாரோ, இவன் யாரோ. இவன் எவ்வளவு மருவாதியா எழுதறான். ...ஒண்ணாவே இருந்தாலும், பகல்ல, அத்தனை சனத்துக்கு நடுவுல என்ன பண்ணிருவான்? கத்தாதீங்க தம்பி, எல்லாரும் பாக்கறாங்க.

அவ நம்பர் எங்கிட்ட இல்லை. அதான் சொன்னனே, மாத்திட்டா. மயிலாத்தாகிட்டத்தான் இருக்குது. சரி, பண்றேன், பண்றேன். கைய எடுங்க. அடிக்குது. எடுக்க மாட்டேங்கறா. ஆட்ட மேய்க்க ஓட்டிட்டுப் போயிருப்பா, போன வீட்டுலயே போட்டுட்டுப் போறதுதான் அவ பழக்கம். மறுக்கா அடிக்கச் சொல்றீங்க, அடிக்கறேன். எடுக்கலீங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?

அழிக்கறதுக்கென்ன, அழிக்கலாம். ஆனா இப்ப அழிச்சா, வந்து நிக்கறவகிட்ட எதக் காட்டறது? மன்னிப்பே கேக்கலைன்னு நெனச்சுக்குவாளே.

சூலூரும் தாண்டியாச்சு. பாருங்க, ஒண்டிப்புதூர்ல லாரியெல்லாம் அடைச்சுட்டு நிக்குது. மணி பதினொண்ணு தாண்டிருச்சு. டிரைவர், ஆரன் அடிச்சு ஒதுக்கிட்டுப் போங்க! இந்த ரூட்டுல ஒரு நாளும் இப்படி லேட்டானதில்லை. அவ வந்திருப்பா. எப்பவுமே முன்னாலயே வந்துருவா, அந்தப் பழக்கம் எங்கிட்ட இருந்து வந்தது. ஸ்கூலுக்குப் போறப்பவே பஸ்ஸுக்கு முன்னால போயி நிப்பா. டெப்போவுல எல்லாரும் ‘டைம் கீப்பர் மக’ன்னு கூப்புடுவாங்க. அப்படிக் கூப்புட்டா அவளுக்கு அத்தனை சந்தோசம்.

நீங்க ஏன் நின்னுட்டு வாறீங்க? உக்காருங்க. டவுன்ஹாலுக்குப் போறேன்னுதானே போன்ல சொன்னீங்க?

இந்தா, திரும்பிருச்சு. பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு. எங்க... எங்க இருக்கா... அதோ! தண்ணித் தொட்டிகிட்ட, கருநீலச் சுடிதாரு. அவதான். என்ற புள்ளதான். எளச்சுட்டா தம்பி. முடியக் கழுத்தளவுக்கு வெட்டிட்டா. எவ்வளவு நீள முடி தெரியுமா அவளுக்கு? போட்டோவுல பாத்தீங்கல்ல? அடையாளமே தெரியலை. அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் வெட்டியிருப்பாளா?

மோகனா! கண்ணு! கண்ணாடிய எறக்க முடியலை, இந்தக் கண்ணாடிய எறக்குங்க.

யாரு? டீக்கடையோரமா? எனக்கு இங்க இருந்து தெரியலீங்களே. செவப்புச் சட்டையா? ஆமா, தெரியுது. கையில தட்டு. மஞ்சக் கண்ணாடித்தாள்... வெயில்ல பளபளன்னு... அவதான் அவனப் பாக்கவே இல்லையே, பஸ்ஸுகளத்தான் பாத்துட்டு நிக்கறா, என்னைத் தேடறா. அவன் நடந்து வாறான் பாருங்க. மெதுவாத்தான் வாறான். சொன்ன டயத்துக்கு வந்திருக்கான். நாமதான் லேட்டு.

என்னைப் பாத்துட்டா. பாத்துட்டா தம்பி! சிரிக்கறா. கையத் தூக்கறா பாருங்க, சின்னப் புள்ளையில தூக்கற மாதிரியே...

ஏன் நிறுத்திட்டா? திரும்பிட்டா. அவனப் பாத்துட்டா.

ஏன் என்னைய அப்படிப் பாக்கறா? நான் என்ன பண்ணுனேன்? சாமி, நான் தனியாத்தான் வந்தேன், யார்கிட்டயும் சொல்லலை! மோகனா, நில்லு! ஓடாத சாமி! கண்டக்டர், கதவத் தொறங்க, வண்டி நிக்காட்டியும் பரவால்லை, தொறங்க. நில்லு கண்ணு!

ஆட்டோவுல ஏறிட்டா. கெளம்பிருச்சு. ஒரு வார்த்தை பேசலை. அப்பான்னு ஒரு வார்த்தை கூப்புடலை. அவனும் பின்னால ஓடறான், தட்டு சாஞ்சு பழமெல்லாம் ரோட்டுல உருளுது. புடிக்க முடியலை அவனால. நின்னுட்டான். எங்க போனான்னு... கூட்டத்துக்குள்ள எங்கியோ போயிட்டான்.

ஐயோ. மயிலாத்தாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

இல்லை, இருங்க. ஒண்ணும் ஆகலை. அந்த ஆட்டோ நம்பரப் பாத்துட்டேன். வண்டி நம்பர் ஒரு தடவை பாத்தா எனக்கு மறக்காது, அது சர்வீசுல வந்த பழக்கம். இப்பவே போட்டுருவேன். ‘இந்த ஆட்டோ எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தவங்க சொல்லுங்க’ன்னு போட்டா யாராச்சும் உடனே பதில் போடுவாங்க. அந்தப் பையனே போடுவான்.

ஏனுங்க, எதுக்கு என்ற போனப் புடுங்கறீங்க? குடுங்க. குடுங்க தம்பி, நம்பர் மறக்கறதுக்குள்ள போடோணும்.